நார்வே மைந்தர் சங்கங்களில் சமையற்கட்டும் சமூகமும்

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின், வடக்கு டகோட்டா, வாஷிங்டன் முதலிய மாநிலங்களில் ‘சன்ஸ் ஆஃப் நார்வே’ (நார்வே மைந்தர்) என்னும் அமைப்பு பல கிளைகளோடு இயங்குகிறது. நார்வேயிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் வழிவந்தோர் கூடும் மரபுச் சங்கம் அது. கிளைக்கு அங்கே லாட்ஜ் என்று பெயர். நம் காதுக்கு லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே அறை வாடகைக்கு விடும் கட்டடம்தான். ஆகவே இக்கட்டுரை ‘கிளைச் சங்கம்’ என்றே வழங்கும்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 45 லட்சம் பேர் தங்களுக்கு நார்வேப் பூர்வீகம் உண்டு என்று எழுதினார்கள். அப்போது நார்வே நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான். எழுதிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டு மொழியில் ஒரு கடிதம்கூட எழுத முடியாதவர்கள். அப்படியானால் அந்தப் பூர்வீகம் எங்கே வாழ்கிறது?

சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் 1979-இல் ‘குறியீட்டு இன அடையாளம்’ என்ற கருத்தை முன்வைத்தார். குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்கு அடுத்தவர்களும் பூர்வீகத்தை ஓய்வுநேரத்து உணர்வாக வைத்திருக்கிறார்கள். அது அவர்களின் அன்றாடத்திலிருந்து பெரிதாக எதையும் கேட்பதில்லை என்பது அதன் சாரம். தனி மனிதரைப் பார்த்தால் இதை மறுப்பது கடினம். கிளைச் சங்கத்தின் சமையற்கட்டுக்குள் நுழைந்து பார்த்தால் ஒப்புக்கொள்வதும் அதே அளவு கடினம். அங்கே பூர்வீகம் ஆள் கேட்கிறது, நேரம் கேட்கிறது, கிழங்கு உரிக்கக் கை கேட்கிறது. பண்பாடு நினைவாக அன்றி வேலைப் பங்கீடாக நிலைத்த ஓர் இடமாக இச்சங்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

2. சாவுச் செலவிலிருந்து ஒரு சங்கம்

1825 ஜூலையில் ‘ரெஸ்டௌராசியோன்’ என்ற சிறு பாய்மரக் கப்பல் 52 பேருடன் ஸ்டாவங்கர் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. வழியில் ஒரு குழந்தை பிறக்க, அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் இறங்கியவர்கள் 53 பேர். அடுத்த நூறாண்டில் சுமார் எட்டு லட்சம் பேர் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் ஐரோப்பாவில் அயர்லாந்துக்கு அடுத்தபடி அதிகம் பேரை அனுப்பிய நாடு நார்வேதான். ஊரில் உழக்கூடிய நிலம் சொற்பம், பாறை மிகுதி; அதுவும் மூத்த மகனுக்கே போகும். 1862-ஆம் ஆண்டுக் குடியிருப்பு நிலச் சட்டமோ, ஐந்தாண்டு தங்கி உழுதால் 160 ஏக்கர் என்றது.

நிலம் கிடைத்தவர்கள் ஒரு புறம். நகரத்தில் தச்சு, மாவு ஆலை, மர ஆலை வேலைகளுக்கு வந்தவர்கள் மறுபுறம். 1893-இல் ஏற்பட்ட பொருளாதாரச் சரிவு இந்த இரண்டாம் வகையினரைத்தான் பதம் பார்த்தது. படுத்துவிட்டால் கூலி இல்லை; செத்துவிட்டால் அடக்கம் செய்யக் காசு இல்லை. 1895 ஜனவரி 16 அன்று மினியாபொலிஸ் நகரில் 18 பேர் கூடி, நோய்க்கும் சாவுக்கும் ஒருவருக்கொருவர் கைகொடுக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். கொடியும் கொண்டாட்டமும் பின்னால் வந்தவை. முதலில் வந்தது மாதச் சந்தாவும் ஈமச் செலவுக்கு உத்தரவாதமும்தான். இன்றும் அந்த அமைப்பு சட்டப்படி ஓர் உறுப்பினர் நலக் காப்பீட்டு நிறுவனம். ஆயுள் காப்பீடு விற்கிறது.

பெயரிலேயே மைந்தர்கள்தான் இருக்கிறார்கள், பெண்கள் எங்கே என்று கேட்கலாம். 1897-இல் அதே நகரில் ‘நார்வே மகளிர்’ என்று தனியே ஒரு சங்கம் உண்டானது. 1950-இல் அது மைந்தர் சங்கத்தோடு இணைந்தது. பசிபிக் கரையோர மகளிர் சங்கம் மட்டும் சேராமல் இன்றும் தனித்து நிற்கிறது. இணைந்தபின் மாறாதது பெயர். சமையற்கட்டை நடத்துவது யார் என்பதும் நெடுங்காலம் மாறவில்லை.

இதே காலத்தில் இன்னொரு வகைக் கூட்டமும் கிளைத்தது: ‘பிக்டெலாக்’. சரியான தமிழ் வேண்டுமானால் ஊர்ச் சங்கம் என்றே சொல்லிவிடலாம். வால்ட்ரெஸ் பள்ளத்தாக்குக்காரர்கள் 1899-இல் மினியாபொலிஸ் பூங்கா ஒன்றில் கூடி இதைத் தொடங்கிவைத்தார்கள். பிறகு ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனக்கொரு சங்கம் வைத்துக்கொண்டது. இந்த ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து நடத்திய 1925 நூற்றாண்டு விழாவில் அதிபர் கூலிட்ஜே நேரில் வந்து பேசினார். அமெரிக்க அஞ்சல் துறை இரண்டு தபால்தலைகள் வெளியிட்டது. குடியேறியவர்களின் செல்வாக்கு உச்சியில் இருந்த நாள்கள் அவை.

3. ஆண்டு வட்டம்

மாதம் ஒரு கூட்டம். கொடி வணக்கம், இரு நாட்டுப்பண்கள், சென்ற மாத நடவடிக்கைக் குறிப்பு, பொருளாளர் கணக்கு, ஒரு பேச்சு அல்லது படக்காட்சி, அப்புறம் காபி. கூட்டம் ஒரு மணி நேரம் என்றால் காபி ஒன்றரை மணி நேரம் என்று கொள்ளலாம்.

மே 17 பெருநாள். 1814-இல் எய்ட்ஸ்வோல் என்ற இடத்தில் நார்வே அரசியல் சாசனம் கையெழுத்தான நாள். சியாட்டில் நகரின் பல்லார்ட் பகுதியில் அன்று நடக்கும் ஊர்வலம், நார்வேக்கு வெளியே நடப்பவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பழைய மீனவர் குடியிருப்பு அது. அக்டோபர் 9 லெய்ஃப் எரிக்சன் நாள். கொலம்பஸுக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே அமெரிக்கக் கரை தொட்டவர் எரிக்சன் என்றாலும், அவர் எந்தத் தேதியில் இறங்கினார் என்பதற்குச் சான்று கிடையாது. ஆகவே 1825 கப்பல் வந்த தேதியை அவர் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார்கள். 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றமும் அதை ஏற்றது. இலையுதிர் காலத்தில் மீன் விருந்து. டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாட்டு. இவற்றில் ஆய்வுக்கு உண்மையில் தீனி போடுவது மீன் விருந்துதான்.

4. சமையற்கட்டு

4.1 காரத்தில் ஊறிய மீன்

லூட்டஃபிஸ்க் என்பது உப்புப் போடாமல் குளிர்காற்றில் காயவைத்த காட் மீன் கருவாட்டை மீட்டெடுக்கும் ஒரு முறை. விறகுக்கட்டை போல் இறுகிய அந்த மீனைச் சில நாள்கள் நீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு இரண்டொரு நாள் காஸ்டிக் சோடா கரைசலில் போடுகிறார்கள். அக்காலத்தில் பிர்ச் மரச் சாம்பல் நீரே போதுமானதாக இருந்தது. காரம் புரதத்தை உடைக்க, மீன் வீங்கிக் கண்ணாடிக் கூழ் போலாகிறது. அந்நிலையில் தின்றால் வாய் வெந்துவிடும். ஆகவே மறுபடியும் நாள்கணக்கில் தண்ணீர் மாற்றிமாற்றிக் காரத்தைப் போக்கியபின்தான் அடுப்பேற்றுகிறார்கள். நல்ல வெள்ளிக் கரண்டியை அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது, கறுத்துப்போகும்.

இன்று கிளைச் சங்கங்கள் இதைத் தாமே ஊறவைப்பது அரிது. பக்குவம் செய்த மீனை வாங்கிவிடுகிறார்கள். மினியாபொலிஸின் ஓல்சன் மீன் நிறுவனம் 1910 முதல் இதே தொழிலில் இருக்கிறது. சங்கத்தின் வேலை வேகவைப்பதில் தொடங்குகிறது. சரியான பதத்துக்கும் குழைந்து ஒழுகும் பதத்துக்கும் இடையே ஒருசில நிமிடங்களே உண்டு. மண்டபத்தின் நிலவறையில் பந்தி பந்தியாக ஆள்கள் உட்காருகிறார்கள். தட்டுகள் ஓயாமல் போய்வருகின்றன. உருக்கிய வெண்ணெய் கிண்ணத்தில் ஆறுவதற்குள் அடுத்தது வரவேண்டும். மீன் வாடை ஆகாதவர்களுக்கு இறைச்சி உருண்டை உண்டு. நார்வேயில் இதே மீனைப் பன்றி இறைச்சிக் கொழுப்போடும் பட்டாணி மசியலோடும் தின்பார்கள். வெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொள்வது கடல் கடந்து வலுத்த பழக்கம்.

ஏழைகளின் பனிக்கால உணவு பெருமைக்குரிய விருந்தானது எப்படி? ருசியால் என்று சொல்ல மனம் வரவில்லை. கூரை பழுதுபார்க்கவும், மாணவர் உதவித்தொகை கொடுக்கவும் பணம் வருவது இந்த விருந்துச் சீட்டிலிருந்துதான். இருநூறு பேருக்குச் சமைக்க முப்பது பேராவது வேண்டும். அந்த முப்பது பேருக்கும் ஆண்டுக்கொரு முறை ஒருவரையொருவர் விட்டால் ஆகாது. சங்கத்தைக் கட்டிவைத்திருப்பது அந்தத் தேவைதான்.

4.2 லெஃப்ஸ

உருளைக்கிழங்கு, வெண்ணெய், பாலேடு, மாவு. இந்த நான்கிலிருந்து லெஃப்ஸ என்னும் மெல்லிய ரொட்டி வருகிறது. வெந்த கிழங்கைக் கட்டியில்லாமல் பிழிய ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். நம் இடியாப்ப உரலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பிழிந்ததில் வெண்ணெயும் பாலேடும் சேர்த்து இரவு முழுக்கக் குளிரவைக்கிறார்கள். மாவை மறுநாள் தேய்ப்பதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் கிழங்கு நீர் விட்டுப் பிசுபிசுக்கும்.

தேய்க்கும் கட்டையில் நீளவாக்கில் அல்லது குறுக்கே வரி வெட்டியிருக்கும். அதற்குக் காலுறை போல ஒரு துணி உறை மாட்டுவார்கள். பலகைக்கும் துணி போர்த்தியிருக்கும். தேய்க்கத் தேய்க்க ரொட்டி அகன்று, கீழேயுள்ள துணியின் எழுத்து தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும் என்பது கணக்கு. அதைக் கையால் தூக்க முடியாது, கிழிந்துபோகும். சப்பையான நீண்ட குச்சி ஒன்றை நடுவே செருகி, துணி கொடியில் தொங்குவது போலத் தூக்கி, பெரிய வட்டக்கல்லின் மீது ஒரு பாதியை இறக்கி, குச்சியை உருட்டி மறுபாதியை விரிக்கிறார்கள். பழுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்பி, எடுத்துத் துணிக்குள் அடுக்குகிறார்கள். தன் ஆவியிலேயே மிருதுவாகும்.

இந்தக் குச்சியைப் பிடிக்கத் தெரிந்தவருக்குச் சங்கத்தில் தனி மரியாதை. புதிதாக வருபவர் முதலில் கிழங்கு உரிப்பார், அப்புறம் உருண்டை பிடிப்பார், பிறகு தேய்ப்பார். கல்லுக்கு முன் நிற்பது கடைசியில். தலைவர் பதவி தேர்தலில் கிடைத்துவிடும், குச்சி அப்படிக் கிடைப்பதில்லை.

5. கைவேலை, உடை, ஆட்டம்

மரப்பெட்டியிலும் தட்டிலும் கொடிக்கொடியாகப் பூ எழுதும் ‘ரோசமாலிங்’ கலையை எடுத்துக்கொள்வோம். பெர் லீஸ்னே என்பவர் 1907-இல் விஸ்கான்சின் மாநில ஸ்டௌட்டன் ஊருக்கு வந்து வண்டித் தொழிற்சாலையில் சாயம் பூசினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்த வேலை போனது. பிழைப்புக்காக ஊரில் கற்ற பூவேலையைத் தட்டுகளில் எழுதத் தொடங்கினார். அமெரிக்காவில் அக்கலை மறுபிறவி எடுத்தது இப்படித்தான். அயோவா மாநில டெகோராவிலுள்ள வெஸ்டர்ஹெய்ம் அருங்காட்சியகம் 1960-களின் பிற்பகுதியில் நார்வேக் கலைஞர்களை வரவழைத்து வகுப்பு நடத்தியபின் அது கிளைச் சங்கங்களின் வழக்கமான பயிற்சியாயிற்று.

‘புனாட்’ என்னும் வட்டார விழா உடையும் இப்படியே. தாத்தா காலத்திலிருந்து அப்படியே வந்தது என்று நம்பி உடுத்துகிறார்கள். ஹுல்டா கார்போர்க் 1903-இல் எழுதிய சிறுநூலும் அவரைச் சார்ந்தவர்கள் நடத்திய இயக்கமும் இல்லையென்றால் இன்றைய வடிவம் இல்லை. 1905-இல் ஸ்வீடனிடமிருந்து பிரியவிருந்த ஒரு நாடு தன் முகத்தைத் தேடிய காலம் அது. மரபு புனையப்படுகிறது என்று இதைக் காட்டிக் குறை சொல்லுவோர் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. தைத்த கை மெய்யானது என்பது ஒருபுறமிருக்க, தாய்நாட்டிலும் இதே வழியில்தான் உருவானது.

பனிச்சறுக்கை வெறும் பொழுதுபோக்காக விட்டுவிடவில்லை. பார்வையற்ற இசைக்கலைஞர் எர்லிங் ஸ்டோர்டால் 1964-இல் நார்வேயில் தொடங்கிய ரிட்டர்ரென் பந்தயத்தைப் பின்பற்றி, ஓலாவ் பெடர்சன் என்ற சறுக்குப் பயிற்றுநரின் முயற்சியாலும் மைந்தர் சங்கத்தின் ஆதரவாலும் 1975-இல் கொலராடோவில் ‘ஸ்கி ஃபார் லைட்’ பிறந்தது. பார்வையற்றவர் ஒரு தடத்தில், வழிகாட்டி பக்கத்துத் தடத்தில். திருப்பத்தையும் சரிவையும் வாயால் சொல்லிக்கொண்டே போவார்.

6. தபால்தலைப் பெட்டி

சின்ன விஷயம்தான், ஆனால் சங்கத்தின் குணம் இதில் நன்றாகத் தெரிகிறது. பல கிளைகளின் மண்டப வாசலில் ஒரு பெட்டி இருந்தது. வீட்டுக்கு வரும் கடித உறைகளிலிருந்து, தபால்தலையைச் சுற்றிக் கால் அங்குலக் காகிதம் விட்டுக் கத்தரித்து அதில் போடுவார்கள். ஒட்ட வெட்டினால் ஓரப் பல் போய்விடும், விலை போகாது. இதற்கென்றே ஒரு பொறுப்பாளர். சேர்ந்தவை நார்வேயின் நெஸ்பியன் என்ற ஊருக்குப் போகும். அங்கே டிட்லெஃப் ஸ்மித் என்ற அஞ்சல் அதிகாரி 1928-இல் தொடங்கிய ‘டுப்ஃப்ரிம்’ அமைப்பு அவற்றைத் தபால்தலை சேகரிப்போருக்கு விற்று, காசநோய்க்கு ஆளான குழந்தைகளுக்கு உதவியது. நோய் அடங்கியபின் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கு. செல்லாத துண்டுக் காகிதத்தை எடைக்கு எடை சேர்த்து, பார்க்காத ஊரின் பார்க்காத குழந்தைக்கு அனுப்புவது வெறும் ஓய்வுநேரத்து உணர்வுதானா என்பதைக் கான்ஸ் வழிச் செல்வோர்தான் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் வந்தபின் பெட்டி காலியானது வேறு கதை.

7. மொழி

இதில் நல்ல செய்தி சொல்ல முடியாது. 1918 மே மாதம் அயோவா ஆளுநர் ஹார்டிங், பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் தேவாலயத்திலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று ஆணையிட்டார். ஜெர்மானியர் மீதான போர்க்காலச் சினம் நார்வேக்காரர் மீதும் விழுந்தது. அந்த ஆண்டு இறுதியிலேயே ஆணை போனது, அச்சம் போகவில்லை. அயோவாவில் பிறந்த எய்னர் ஹௌகன் 1953-இல் வெளியிட்ட அமெரிக்க நார்வேஜிய மொழி பற்றிய பெருநூல், வீடு வீடாய்ப் போய்ப் பேச்சைப் பதிந்து எழுதப்பட்டது. ஒருவகையில் அதுவே அம்மொழிக்கு எழுதிய கணக்கு முடிப்பு. டெகோராவிலிருந்து 1874 முதல் வந்துகொண்டிருந்த ‘டெகோரா-போஸ்டன்’ இதழ் 1972-இல் நின்றது.

மிஞ்சியவை: சாப்பாட்டுக்கு முன் மனப்பாடமாய்ச் சொல்லும் ஒரு ஜெபம், காபிக்குப் பின் சொல்லும் நன்றி, எதற்கும் பொருந்தும் ‘உஃப் டா’. கை சுட்டால் உஃப் டா, பனி கொட்டினால் உஃப் டா, பொருளாளர் கணக்கு வாசித்தாலும் உஃப் டா. நார்வேயிலிருந்து வரும் இளைஞர்களுக்கு இவர்களின் சில சொற்கள் கொள்ளுப்பாட்டியின் பேச்சு போல ஒலிக்கும். அந்த இளைஞர்கள் வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் மெக்சிகோ நாட்டு டாக்கோ தின்கிறவர்கள்.

8. மண்டபமும் உறுப்பினரும்

அலாஸ்காவின் பீட்டர்ஸ்பர்க் ஒரு மீன்பிடி ஊர். 1912-இல் அங்குள்ள கிளை ஓடைக் கழிமுகத்தின் மேல் மரக்கால்கள் ஊன்றி ஒரு மண்டபம் கட்டியது. 1979-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. 1958 முதல் ஊரில் ஆண்டுதோறும் ‘சின்ன நார்வே’ விழா நடக்கிறது. ஓதம் ஏறினால் மண்டபத் தளத்துக்கடியில் கடல்நீர், இறங்கினால் சேறு. மரக்கால் மக்கினால் மாற்ற வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்கு விருந்து வேண்டும்.

எல்லாக் கிளைகளுக்கும் இப்படிக் கட்டடம் இல்லை. தேவாலய நிலவறையையோ முதியோர் மையத்தையோ வாடகைக்கு எடுப்பவையே மிகுதி. உறுப்பினரின் தலை நரைத்துவிட்டது. சில கிளைகள் பக்கத்துக் கிளையோடு சேர்ந்துவிடுகின்றன. சேர்வதற்கு நார்வேப் பூர்வீகம் கட்டாயமில்லை, ஆர்வம் போதும். ஆகவே லெஃப்ஸ வகுப்பில் மாவு பூசிய முன்கைகளோடு நிற்பவர்களில் நார்வேக்காரரின் மருமகளும் இருப்பார், பக்கத்து வீட்டுக்காரரும் இருப்பார். ரொட்டி கிழியாமல் குச்சி தூக்குகிறதா என்றுதான் அங்கே பார்க்கிறார்கள்.