விளையாட்டு வீரர் இதயம்

நெடுந்தூர ஓட்டம், நீச்சல், சைக்கிள், துடுப்புப் படகு போன்ற தாங்குதிறன் பயிற்சிகளை மாதக்கணக்கில் விடாமல் செய்வோரின் இதயத்தில் ஏற்படும் மாற்றங்களுக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் விளையாட்டு வீரர் இதயம். இதய அறைகள் விரிகின்றன. சுவர் சற்றே தடிக்கிறது. ஓய்வு நேர நாடித்துடிப்பு குறைகிறது. இது நோயல்ல. ஆனால் நோயைப் போலவே தோற்றம் காட்டும், குழப்பமெல்லாம் அங்கேதான்.

1899-இல் சுவீடன் மருத்துவர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே இதயத்தின் எல்லையைக் கணித்தார். வீரர்களின் இதயம் பெரிதாக இருந்தது. அந்தப் பெருக்கம் அவர்களுக்கு நன்மையே என்பது அவர் முடிவு. எக்கோ கருவி வந்தபின் அவர் கணிப்பு சரியென்றே தெரிந்தது.

ஓய்வில் இருக்கும் உடலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் போதும். பயிற்சியில்லாத இளைஞரின் இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் வீதம் 70 முறை துடித்து இதைத் தருகிறது. பயிற்சி பெற்ற இதயத்துக்கு, துடிப்புக்கு 100 மில்லிலிட்டர் வீதம் 50 துடிப்பு போதும். உழைப்பின் உச்சத்தில்தான் உண்மையான வேறுபாடு தெரியும். உச்சத் துடிப்பு வேகத்தைப் பெரும்பாலும் வயதே தீர்மானிக்கிறது. இருபது வயதில் அது சுமார் 200. பயிற்சியால் அது கூடுவதில்லை. எனவே கூடக்கூடியது ஒரு துடிப்பின் அளவு மட்டுமே. சாதாரண இளைஞரின் இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர் இறைக்கும்போது தலைசிறந்த வீரரின் இதயம் 35 லிட்டருக்கும் மேல் இறைக்கிறது. ரத்தத்தின் மொத்த அளவு கூடுவதும் இதற்குத் துணை. அது பயிற்சியின் முதல் சில வாரங்களிலேயே தொடங்கிவிடும்.

இளைஞர் இதயம் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஆய்வே இன்றும் முதன்மையான சான்று. இருபது வயது ஆண்கள் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தனர். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. பின்னர் ஏறத்தாழ எட்டு வாரக் கடும்பயிற்சி, இழந்ததை மீட்டதோடு முன்பிருந்த நிலையையும் தாண்ட வைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கை உண்டாக்கிய சரிவு, முப்பது ஆண்டு முதுமை உண்டாக்கியதைவிடப் பெரிதாக இருந்தது! ஐந்தே பேரை வைத்து நடந்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அதன் முடிவு வலுவானது.

சுவர்த் தடிப்பில்தான் மருத்துவருக்குச் சிக்கல். இளம் வீரர்களின் திடீர் மரணத்துக்குக் காரணமாகும் பரம்பரை இதயத்தசைத் தடிப்பு நோயிலும் சுவர் தடிக்கும். 1991-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 947 முன்னணி வீரர்களில் 16 பேருக்கு மட்டுமே இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டரைத் தொட்டிருந்தது அல்லது தாண்டியிருந்தது. அவர்களில் 15 பேர் துடுப்பு வலிப்பவர்கள், ஒருவர் சைக்கிள் வீரர். பதினாறு பேருக்கும் அறையும் விரிந்திருந்தது. பரம்பரை நோயிலோ அறை பெரும்பாலும் சுருங்கியே இருக்கும். அப்படியும் தெளியாவிட்டால் சில மாதம் பயிற்சியை நிறுத்தச் சொல்வார்கள். பயிற்சியால் வந்த தடிப்பு என்றால் குறைந்துவிடும். விரிந்த அறை மட்டும் சில முன்னாள் வீரர்களிடம் ஆண்டுகள் கடந்தும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை.