இன்னும் ஒரு வாய்: உணவு மறுப்பு நோய்ச் சிகிச்சையில் பெற்றோரின் இடம் (1873–2017)

உண்ண மறுத்து உருகிக்கொண்டிருக்கும் மகளின் பக்கத்தில் தட்டோடு உட்கார வேண்டியவர் யார்? இந்தக் கேள்விக்கு மருத்துவம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சொன்ன விடையும் இன்று சொல்லும் விடையும் நேரெதிரானவை. அந்த மாற்றத்தின் வழித்தடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

1689இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன், உடல் மெலிவிக்கும் நோய்களைப் பற்றிய தம் நூலில், காய்ச்சலும் இருமலும் இல்லாமலே எலும்பும் தோலுமாகிவிட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். மருந்து வேண்டாமென்ற அவள் மூன்று மாதத்துக்குப் பின் இறந்தாள். நோய்க்குத் தனி அடையாளம் கிடைத்தது 1873இல்தான். அந்த ஆண்டு பாரிஸில் சார்ல் லசேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் தனித்தனியே அதை விவரித்தனர். 'அனோரெக்சியா நெர்வோசா' என்பது கல் சூட்டிய பெயர். அனோரெக்சியா என்றால் பசியின்மை. ஆனால் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பசி இருக்கிறது; அதை அடக்குவதில்தான் அவர்களுடைய வலிமை முழுவதும் செலவாகிறது. 'பசியின்மை நோய்' என்று தமிழில் எழுதும்போது அந்தப் பிழையும் கூடவே வந்துவிடுவதால், இங்கே 'உணவு மறுப்பு நோய்' என்றே குறிக்கிறேன்.

கல்லின் நோயாளிகளில் 17 வயதுப் பெண் ஒருத்தி சிகிச்சைக்கு வந்தபோது 82 பவுண்டு எடை இருந்தாள். ஈராண்டுக்குச் சற்றுப் பிறகு அது 128 ஆயிற்று. குறித்த இடைவெளிகளில் உணவு, கதகதப்பு, ஓய்வு: அவர் நம்பியவை இவ்வளவே. ஆனால் உணவு தருபவர்கள் நோயாளியைக் கட்டுப்படுத்தக்கூடிய பிறராக இருக்க வேண்டும் என்றார். உறவினர்கள் இதற்குச் சற்றும் பொருந்தாதவர்கள் என்று முடிவுகட்டினார். லசேக் இன்னும் நுட்பமாகக் கவனித்தார். குடும்பம் முதலில் கெஞ்சுகிறது, பிறகு மிரட்டுகிறது. இரண்டும் பலிக்காமல் வீடு முழுவதும் நோயைச் சுற்றியே சுழலத் தொடங்குகிறது. ஆகவே நோயாளியைக் குடும்பத்தோடு சேர்த்துத்தான் ஆராய வேண்டும் என்றார். 1880களில் பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ அந்த நுட்பத்தை ஒரே அடியில் வெட்டிவிட்டார். அங்கூலெமிலிருந்து மகளை அழைத்துவந்த பெற்றோரைப் பாரிஸை விட்டே போகச் சொன்னார். அவர்கள் போனபின் சிறுமி தேறினாள். தனிமைப்படுத்தலே சிகிச்சை என்ற கொள்கைக்கு அது சான்றாகிவிட்டது.

1914இல் மாரிஸ் சிம்மண்ட்ஸ், பிட்யூட்டரி சுரப்பி அழிந்து மெலிந்து இறந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதியதால், உணவு மறுப்பும் சுரப்பிக் கோளாறே என்று கருதி மருத்துவம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு சுரப்பியின் பின்னே போயிற்று. பிறகு உளப்பகுப்பாய்வு வந்தது. பெற்றோர் மீண்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். மனநல மருத்துவர் ஹில்டே ப்ரூக் தம் நோயாளிகளை ஆழ்ந்த பரிவோடு செவிமடுத்தவர். 'பொற்கூண்டு' என்ற பொருள்படும் தலைப்பில் 1978இல் அவர் எழுதிய நூல் எண்ணற்றோருக்கு இந்நோயை அறிமுகப்படுத்தியது. ஆனால் கூண்டு செய்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அதில் கிடைக்கும் விடை தாய்மாரை நோக்கியே நீள்கிறது. அதே பத்தாண்டில் பிலடெல்பியாவின் குடும்பச் சிகிச்சையாளர் சால்வடோர் மினூசின் குடும்பத்தையே உணவு மேசைக்கு அழைத்தார். அது பெரிய திருப்பம்தான். ஆயினும் திருத்தப்பட வேண்டிய குடும்பமாகவே அது அங்கே உட்கார வைக்கப்பட்டது.

இந்தக் குற்றச்சாட்டை ஆட்டங்காணச் செய்யும் சான்று அதற்கு வெகு முன்பே அச்சேறியிருந்தது. 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையில் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. சமையல் நூல் சேர்த்தார்கள், தட்டு உணவை மணிக்கணக்கில் பிசைந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். தாயின் வளர்ப்பு காரணமென்று சொல்லப்பட்டவற்றில் கணிசமானவை பட்டினியே உண்டாக்கும் மாற்றங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முடிவுகள் 1950இல் இரு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றின் பொருள் சிகிச்சை அறைக்குள் நுழையப் பல பத்தாண்டுகள் ஆயின. அத்தனை காலமும் பழி சுமந்த தாய்மாரை எண்ணும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

திருப்பம் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் நிகழ்ந்தது. புலிமியா நெர்வோசாவை 1979இல் முதன்முதலில் வரையறுத்த ஜெரால்ட் ரஸ்ஸல் அங்கே பணியாற்றினார். வார்டில் செவிலியர்கள் நோயாளியின் அருகே பொறுமையாகவும் விட்டுக்கொடுக்காமலும் அமர்ந்து உண்ண வைத்தனர், எடை ஏறியது. வீடு திரும்பியதும் பலருக்கு மறுபடி சரிந்தது. செவிலியர் செய்ததைப் பெற்றோர் செய்யக் கற்றால் என்ன? ரஸ்ஸல் குழுவினர் 80 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1987இல் வெளியானது. 18 வயதுக்குள் நோய் தொடங்கி மூன்றாண்டு தாண்டாதவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை தெளிவாக உதவியது. ஐந்தாண்டுக்குப் பிறகும் பயன் நிலைத்திருந்தது. 2010இல் அமெரிக்காவில் 121 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டில் முழுமையாகத் தேறியவர்கள் குடும்பச் சிகிச்சையில் 49 விழுக்காடு, தனிநபர் சிகிச்சையில் 23. இங்கிலாந்தின் 2017 வழிகாட்டுதல் சிறார்க்கும் இளையோர்க்கும் குடும்பச் சிகிச்சையையே முதல் தெரிவாக்கியது.

பாதிப்பேர் ஓராண்டிலும் முழுமையாகத் தேறவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. நோய் நெடுநாள் ஊறிவிட்ட பெரியவர்களுக்கு இம்முறை இந்த அளவு கைகொடுப்பதில்லை. வன்முறை நிகழும் வீட்டில் இதைப் பரிந்துரைக்கவும் முடியாது.

இச்சிகிச்சையின் இரண்டாம் அமர்வுக்குக் குடும்பம் வீட்டிலிருந்தே உணவு கட்டிக்கொண்டு வருகிறது. நோய் யாருடைய தவறும் அல்ல என்பது முதல் அமர்விலேயே சொல்லப்பட்டிருக்கும். கெஞ்சலும் மிரட்டலும் அங்கே கிடையாது. மகள் போதுமென்று நிறுத்திய இடத்துக்கு அப்பால் இன்னும் ஒரே ஒரு வாய் அவளை உண்ண வைப்பதே பெற்றோருக்கு அன்று தரப்படும் வேலை. சிகிச்சையாளர் அருகில் இருப்பார். தட்டைத் தொட மாட்டார்.