பேருயிரணு எலும்புக் கட்டி அறுவைச் சிகிச்சை

பேருயிரணு எலும்புக் கட்டி என்பது எலும்பில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளுள் ஒன்றாகும். நுண்ணோக்கியில் பார்க்கும்போது பல கருக்களைக் கொண்ட பெரிய உயிரணுக்கள் மிகுதியாகக் காணப்படுவதால் இது இப்பெயர் பெற்றது. மருத்துவமனைகளில் ஜெயண்ட் செல் டியூமர் என்றே பெரும்பாலும் வழங்கப்படுகிறது. தீங்கற்றது என வகைப்படுத்தப்பட்டாலும் இக்கட்டி எலும்பை அரித்து அழிக்கக்கூடியது. அகற்றிய பின்பும் அதே இடத்தில் மீண்டும் வளரக்கூடியது. இதற்கான முதன்மை மருத்துவம் அறுவைச் சிகிச்சை ஆகும். கட்டியை எச்சமின்றி நீக்க வேண்டும். அருகிலுள்ள மூட்டையும் காக்க வேண்டும். இவ்விரு நோக்கங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவதே இச்சிகிச்சையின் அடிப்படைச் சிக்கலாகும்.

தோன்றும் இடமும் வயதும்

இக்கட்டி பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்கு உட்பட்டவர்களிடம், எலும்பின் வளர்ச்சி முடிந்த பிறகு தோன்றுகிறது. பெண்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. முழங்காலை ஒட்டிய தொடையெலும்பின் கீழ்முனையும் கால் முன்னெலும்பின் மேல்முனையும் இது மிகுதியாகத் தோன்றும் இடங்களாகும். அடுத்ததாக, மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பின் கீழ்முனையிலும், இடுப்பின் பின்புறமுள்ள திருவெலும்பிலும் தோன்றுகிறது. மேலை நாடுகளில் எலும்பிலேயே தோன்றும் கட்டிகளில் இதன் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடு ஆகும். சீனாவிலும் தென்னிந்தியாவிலும் இப்பங்கு கூடுதலானது என மருத்துவ ஏடுகள் குறிப்பிடுகின்றன.

நோயின் இயல்பு

1818 ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் இக்கட்டியை விவரித்தார். 1940 இல் அமெரிக்க நோயியலாளர் ஹென்றி ஜாஃபியும் அவருடன் பணியாற்றியோரும் பெரிய உயிரணுக்கள் காணப்படும் பிற எலும்பு நோய்களிலிருந்து இதைப் பிரித்துத் தனி நோயாக வரையறுத்தனர்.

பெயருக்குக் காரணமான பெரிய உயிரணுக்கள் உண்மையில் கட்டியின் மூல உயிரணுக்கள் அல்ல. அவற்றுக்கு இடையே உள்ள சிறிய, ஒற்றைக் கரு கொண்ட உயிரணுக்களே மூல உயிரணுக்கள் ஆகும். இவை சுரக்கும் ஆர்.ஏ.என்.கே.எல். என்னும் புரதம், எலும்பைக் கரைக்கும் பெரிய உயிரணுக்களை உருவாக்குகிறது. பெரும்பாலான நோயாளிகளின் மூல உயிரணுக்களில் எச்3எஃப்3ஏ என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது 2013 இல் கண்டறியப்பட்டது.

கண்டறிதலும் நிலைகளும்

மூட்டருகே வலி, வீக்கம், அசைவுக் குறைவு ஆகியன அறிகுறிகளாகும். சிலருக்கு எலும்பு முறிந்த பிறகே நோய் தெரியவருகிறது. எக்ஸ் கதிர்ப் படத்தில் மூட்டு முனை வரை நீளும், ஒரு பக்கமாக ஒதுங்கிய கருமையான பகுதி தெரியும். கட்டியின் பரவலை எம்.ஆர்.ஐ. படம் காட்டும். புற்றுநோயும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால், அறுவைக்கு முன் சிறு துணுக்கு எடுத்துத் திசுச் சோதனை செய்வது இன்றியமையாதது. இரத்தத்தில் கால்சியத்தின் அளவும் பார்க்கப்படுகிறது. ஏனெனில் இணைக்கேடயச் சுரப்பி மிகையாகச் சுரக்கும்போதும் இதையொத்த எலும்பு அரிப்பு ஏற்படலாம். அதற்கு மருத்துவம் வேறு.

இத்தாலிய எலும்பு மருத்துவர் மாரியோ கம்பனாச்சி வகுத்த மூன்று நிலைகள் பரவலாகப் பயன்படுகின்றன. முதல் நிலையில் எலும்பின் வெளிச்சுவர் சிதையாமல் இருக்கும். இரண்டாம் நிலையில் அது மெலிந்து புடைத்திருக்கும். மூன்றாம் நிலையில் கட்டி சுவரை உடைத்துக்கொண்டு தசைப்பகுதிக்குள் நுழைந்திருக்கும்.

சுரண்டி எடுத்தல்

முதல் இரண்டு நிலைகளிலும், மூன்றாம் நிலையினர் பலருக்கும் கட்டியைச் சுரண்டி எடுக்கும் அறுவையே செய்யப்படுகிறது. இதில் மூட்டு காக்கப்படுகிறது. எலும்பின் சுவரில் கட்டியின் அளவுக்கு ஈடான பெரிய திறப்பு உண்டாக்கப்படும். சிறிய துளை வழியே சுரண்டினால் விளிம்புகளுக்கு அடியில் கட்டி மறைந்து தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் கட்டியை எடுத்த பின், விரைவாகச் சுழலும் துளைக்கருவியால் குழியின் சுவர் எல்லாப் பக்கமும் தேய்க்கப்படுகிறது.

வெறும் சுரண்டலோடு நிறுத்தியபோது நான்கில் ஒருவர் முதல் இருவருக்குக் கட்டி மீண்டும் வளர்ந்தது. இதைக் குறைக்கத் துணை முறைகள் கையாளப்படுகின்றன. ஃபீனால் தடவுதல், திரவ நைட்ரஜனால் உறையவைத்தல், மின்சூட்டால் எரித்தல், ஐதரசன் பெராக்சைடால் கழுவுதல் என்பன அவற்றுள் சில. இவற்றிலும் இடர்கள் உண்டு. திரவ நைட்ரஜன் எலும்பை நலிவாக்கிப் பின்னாளில் முறியச் செய்யலாம். அருகிலுள்ள தோலையும் நரம்பையும் பாதிக்கலாம். ஃபீனால் பிற திசுக்களில் பட்டால் அவற்றை அரிக்கும். இம்முறைகளைவிடச் சுரண்டல் எவ்வளவு முழுமையாகச் செய்யப்பட்டது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று கருதும் மருத்துவர்களும் உள்ளனர்.

குழியை நிரப்புதல்

குழி எலும்பு ஒட்டினாலோ எலும்புச் சிமெண்டினாலோ நிரப்பப்படுகிறது. எலும்புச் சிமெண்ட் என்பது மூட்டு மாற்று அறுவையிலும் பயன்படும் அக்ரிலிக் பசையாகும். இறுகும்போது இது வெளியிடும் வெப்பம் சுவரில் எஞ்சிய உயிரணுக்களில் சிலவற்றை அழிக்கக்கூடும். எலும்புக்கு உடனடித் தாங்குதிறன் கிடைப்பதால் நோயாளி விரைவில் நடக்கலாம். கட்டி மீண்டும் வளர்ந்தால் சிமெண்டின் ஓரத்தில் கருங்கோடாக எக்ஸ் கதிர்ப் படத்தில் எளிதில் தெரியும். ஆனால் சிமெண்ட் மூட்டுக் குருத்தெலும்பை ஒட்டி அமைந்தால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்வு ஏற்படலாம். எனவே இடையில் எலும்பு ஒட்டு ஒரு படலமாக வைக்கப்படுவதுண்டு.

முழுமையாக வெட்டி நீக்குதல்

மூட்டைக் காக்க இயலாத அளவுக்கு எலும்பு அழிந்திருந்தால், கட்டியுள்ள எலும்பு முனை முழுவதும் வெட்டி நீக்கப்படுகிறது. மீள்வளர்ச்சி இதில் மிகக் குறைவு, இழப்போ பெரிது. முழங்காலில் இதன்பின் உலோகச் செயற்கை மூட்டு பொருத்தப்படுகிறது. நோயாளிகள் இளைஞர்கள் என்பதால், வாழ்நாளில் அது தேய்ந்து மீண்டும் மாற்ற நேரிடலாம். ஆரை எலும்பின் கீழ்முனை நீக்கப்பட்டால், காலின் வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பின் மேற்பகுதி எடுத்துப் பொருத்தப்படுவதுண்டு. அந்த எலும்பு உடல் எடையில் சிறு பங்கையே தாங்குவதால் அதன் மேற்பகுதியை இழந்தாலும் நடக்க முடியும்.

டெனோசுமாப் மருந்து

ஆர்.ஏ.என்.கே.எல். புரதத்தைத் தடுக்கும் டெனோசுமாப் என்னும் ஊசி மருந்தை, அறுவை இயலாத அல்லது அறுவையால் கடும் பாதிப்பு நேரக்கூடிய நோயாளிகளுக்காக அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2013 இல் ஏற்றது. திருவெலும்புக் கட்டிகளில் இது குறிப்பாகப் பயன்படுகிறது. இம்மருந்து பெரிய உயிரணுக்களை மறையச் செய்து, கட்டியைச் சுற்றிப் புதிய எலும்பை உருவாக்குகிறது. எனினும் மூல உயிரணுக்களை முற்றிலும் அழிப்பதில்லை. அவை புதிய எலும்புக்குள் மறைந்துகொள்வதால், மருந்துக்குப் பின் சுரண்டி எடுத்தோரிடம் மீள்வளர்ச்சி கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் தெரிவித்துள்ளன.

பின்கண்காணிப்பு

மீள்வளர்ச்சி பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்கிறது. அரிதாக அதன் பின்னரும் நிகழலாம். மிகச் சிலருக்கு இக்கட்டி நுரையீரலுக்குப் பரவுகிறது. எனவே அறுவை செய்த இடத்துடன் மார்பும் குறித்த இடைவெளிகளில் படமெடுத்துப் பார்க்கப்படுகிறது. வலி நீங்கியதும் நோயாளிகள் இச்சோதனைகளைக் கைவிடுவது இடரானது. மீண்டும் தோன்றும் கட்டி தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் பலருக்கும் மறுபடி சுரண்டி எடுத்து மூட்டைக் காக்க முடியும். காலம் தாழ்ந்தால் எலும்பு முனையையே நீக்க வேண்டிய நிலை ஏற்படலாம்.