பிம்பமும் வரியும்: எம்.எஸ்.எஸ். பாண்டியனின் எம்.ஜி.ஆர். ஆய்வை மறுபடி வாசித்தல்

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட எம்.ஜி.ஆர். ஆய்வு, பூ.கொ. சரவணனின் மொழிபெயர்ப்பில் ‘பிம்பச் சிறை’யாகத் தமிழுக்கு வந்தது. அதைப் பலரும் சினிமாவைப் பற்றிய நூலாகவே வாசிக்கிறார்கள். அதன் மூலபலம் வேறிடத்தில் இருக்கிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பாண்டியன், அதற்கு இரண்டாண்டுகள் முன்புதான் நாஞ்சில் நாட்டு வேளாண் மாற்றங்களைப் பற்றி நூல் எழுதியிருந்தார். நிலவுடைமையை ஆராய்ந்த அதே கண்கொண்டு திரையரங்கையும் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைய ஆய்வுலகம் கைவிட்டுவிட்டது என்பதும், நூலின் முடிவை ஏற்காதவர்கூட அதன் முறையை மீட்டெடுக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பாண்டியனின் கேள்வி எளியது. 1977 முதல் 1987 வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, எம்.ஜி.ஆர். ஆண்டார். அந்த ஆட்சியின் நிதிச்சுமை ஏழைகள் மேல் விழுந்தது. பலன் வசதியுள்ளோர் பக்கம் சாய்ந்தது. அப்படியிருந்தும் ஏழைகளே அவரைக் கடைசிவரை தாங்கிப் பிடித்தது எப்படி? திரைப்படங்களும் மலிவு விலை வாழ்க்கை வரலாறுகளும் ரசிகர் மன்றங்களும் சேர்ந்து வளர்த்த பிம்பத்தை விடையாக முன்வைக்கிறார். மக்களின் அன்றாடப் பொதுப்புத்தியில் ஏற்கெனவே இருந்த நியாய உணர்வின் மேல்தான் அந்தப் பிம்பம் எழுந்தது என்று காட்ட கிராம்சியின் கருத்தாக்கத்தைத் துணைக்கழைக்கிறார்.

‘எங்க வீட்டுப் பிள்ளை’யை (1965) இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அக்காள் கணவனின் சவுக்குக்கு அஞ்சி ஒடுங்கிக் கிடக்கும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை ராமு. அவனைப் போலவே இருக்கும் இளங்கோ அந்த வீட்டுக்குள் வந்து, அதே சவுக்கைப் பிடுங்கி, அக்காள் கணவனாக நடித்த நம்பியாரை விளாசுகிறான். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்த காட்சி அது. அடிவாங்கிப் பழகியவர்களுக்கு அந்த நிமிடம் பொய்யல்ல. ஆனால் படம் முடியும்போது சொத்து அங்கேயேதான் இருக்கிறது. கெட்ட காரியக்காரர் போய் நல்ல வாரிசு வருகிறார், அவ்வளவே. அநீதி தனி மனிதரின் குணக்கேடாகச் சுருங்க, உடைமை உறவு கேள்விக்கு அப்பால் நின்றுவிடுகிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது நல்ல திரைப்பட விமர்சனம். பாண்டியன் அங்கிருந்து வரவு செலவுக் கணக்குக்குப் போகிறார். 1981இல் சாராய, கள்ளுக் கடைகள் மறுபடி திறக்கப்பட்டன. 1983இல் டாஸ்மாக் தொடங்கப்பட்டது. இடையே, 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. குழந்தையின் தட்டில் விழுந்த சோற்றையும் தகப்பன் சாராயக் கடையில் கொடுத்த காசையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் துணிவு அன்று அரிது. சத்துணவின் நீண்டகாலப் பயனைப் பாண்டியன் குறைத்தே மதிப்பிட்டார் என்று கருதுகிறேன். பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்த திட்டம் அது. ஆனால் யாருடைய பணம், யார் பெயரில் கொடையாகிறது என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது.

‘சிறை’ என்ற முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1979இல் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் ரூ. 9,000 என்ற வரம்பை எம்.ஜி.ஆர். அரசு விதித்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. தமிழகத்தின் 39 தொகுதிகளில் இரண்டில் மட்டுமே வென்றது. சில வாரங்களில் வரம்பு நீங்கியது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்ந்தது. பிப்ரவரியில் ஆட்சி கலைக்கப்பட, மே மாதச் சட்டமன்றத் தேர்தலில், ஜனவரியில் தன்னை வீழ்த்திய அதே தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணிக்கு எதிராக அ.தி.மு.க. 129 இடங்களைப் பிடித்தது. கலைப்பால் எழுந்த அனுதாபம் உள்ளிட்ட பல காரணங்கள் இதில் கலந்திருக்கின்றன. என்றாலும், நாயகனையே தோற்கடித்துக் கொள்கையை மாற்ற வைத்து, பிறகு மறுபடி அரியணையேற்றிய வாக்காளர்களைப் பிம்பத்துக்குள் அடைபட்டவர்கள் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் பேரம் பேசியவர்கள்.

ஆட்சியும் பிம்பத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1987இல் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பிம்பம் ஒன்றே போதுமானதாக இருந்திருந்தால் அந்தத் தண்டனைக்குத் தேவையே எழுந்திருக்காது.

ரசிகர்களை நேரில் கேட்கும் வேலையை மதுரை நகர்ப்புற ஏழைகளிடையே சாரா டிக்கி செய்தார். 1993இல் வந்த அவருடைய நூலில் பார்வையாளர்கள் தாங்களே பொருள் கொள்பவர்களாக வருகிறார்கள். பாண்டியனிடம் இல்லாத குரல்கள் அங்கே உண்டு. பாண்டியனிடம் உள்ள வரிக்கணக்குக்கு அங்கே இடமில்லை. அதன்பின் ஊடக ஆய்வு படத்தையும் பொருளியல் ஆய்வு புள்ளிவிவரத்தையும் எடுத்துக்கொண்டு பிரிந்துவிட்டன. இந்தப் பிரிவினை தமிழக அரசியலைப் புரிந்துகொள்ளப் பெருந்தடை.

முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1980இன் இரு தேர்தல் முடிவுகளையும் தொகுதிவாரியாக எடுங்கள். அன்றைய அரசாணைகளையும் வரவு செலவு அறிக்கைகளையும் பக்கத்தில் வையுங்கள். பிறகு அன்று வாக்களித்தவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். அப்போது வாக்குரிமை வயது 21. அந்த ஆண்டு முதல் வாக்கைப் போட்டவர்களே இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள்.