ஒரு சோற்றுப் பதமும் தட்டிப் பார்க்கும் கையும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் முதுமொழி, பானையிலுள்ள அரிசி யாவும் ஓரினத்தன, ஒரே நெருப்பில் ஒரே நேரம் வெந்தன என்னும் அநுமானத்தின்மீது நிற்பது. அவ்வநுமானம் பொய்க்குமிடத்தில், ஒன்றை நசுக்கிப் பார்த்து மற்றவற்றின் தன்மையைத் தீர்மானித்தல் இயலாது. வஸ்துவைச் சிதைக்காமலே அதன் அந்தரங்கத்தை அறியும் பரீட்சை முறைகள், பொருளுக்குப் பொருள் குணபேதம் மிகுந்த தொழில்களிலேயே வேரூன்றின என்பதும், யந்திரத் தொழிற்சாலைகள் அம்முறைகளை நாடியதும் அக்காரணம் பற்றியே என்பதும் இங்கு யான் நிறுவ முயலும் கருத்து.

யாழ்ப்பாணத்து இணுவில், தவில் நாதசுரப் பரம்பரைகளால் பெயர்பெற்ற ஊர். தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933ஆம் ஆண்டிற் பிறந்ததும் இங்கேதான். தவிலின் உடல் பலாமரத்தைக் குடைந்து ஆக்கப்படுவது. ஒரே மரத்தின் அடித்துண்டும் நுனித்துண்டும் வைரத்தில் ஒவ்வா. தவிலின் இரு பக்கங்களான வலந்தலைக்கும் தொப்பிக்கும் போர்த்தும் தோல்களோ பிராணிக்குப் பிராணி, ஏன், முதுகுக்கும் வயிற்றுக்குங்கூட வேறுபடுவன. ஆகவே ஒரு தவிலைப் பிளந்து பார்த்து மற்றொன்றின் நாதத்தைச் சொல்லவல்லார் எவருமிலர். கட்டையைத் தட்டிக் கேட்பதொன்றே வழி: உள்ளே வெடிப்பிருப்பின் அதன் இரு முகங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வை விழுங்கிவிட, ஓசை நீளாது மடிந்துபோகும்.

இதே உபாயம் ஐரோப்பிய வைத்தியத்துட் புகுந்த வரலாறு சுவையானது. கிராஸ் நகரத்து விடுதிக்காரர் ஒருவரின் மைந்தரான அவுவன்பிருகர், தந்தையார் மதுப்பீப்பாய்களைத் தட்டி நிறைவு குறைவு அறிந்ததைக் கண்டே, நோயாளியின் மார்பைத் தட்டி நோயறியும் முறையை வகுத்தார் என்பர். அவரது நூல் 1761இல் வெளிவந்தது. வைத்திய உலகமோ, 1808இல் கோர்விசார் அதனைப் பிரெஞ்சிற் பெயர்க்கும்வரை பெரிதும் பாராமுகமாயிருந்தது. அவுவன்பிருகர் இசையமைப்பாளர் சாலியேரியின் இசைநாடகமொன்றுக்கு உரையாடலும் பாடலும் எழுதிக்கொடுத்தவர் என்பதைக் காணும்போது, கேட்கப் பழகிய செவியே இம்முறையைக் கண்டது என எண்ணத் தோன்றுகிறது. மேனாட்டு வைத்தியம் யாழ்ப்பாணத்தையும் எட்டியது: 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், இணுவிலுக்கு அயலான மானிப்பாயில் அதனைத் தமிழிலேயே போதித்தார்; 1898இல் அமெரிக்க மிஷனார் இணுவிலிலேயே மகளிர்க்கென மருத்துவமனை நிறுவினர். இவ்வாறு, மரத்தைத் தட்டிக் கேட்ட கையும் மார்பைத் தட்டிக் கேட்ட கையும் ஒரே ஊரிற் குடியிருந்தன.

எனினும் செவிக்கு எல்லையுண்டு. விநாடிக்கு ஆயிரம் அதிர்வுள்ள ஓசையின் அலைநீளம் எஃகினுள் ஏறக்குறைய 6 மீட்டர். மயிரிழை வெடிப்பு அவ்வலைக்கு ஒரு பொருட்டன்று. அதிர்வை விநாடிக்கு ஐம்பது இலட்சமாக உயர்த்தினால் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரளவிற் சுருங்கி, சிறு வெடிப்பும் எதிரொலி தரும். சொகொலோவ் 1928இல் முன்மொழிந்த மீயொலிப் பரீட்சைக்கு, துடிப்பை அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவியால் உருக்கொடுத்து 1942இற் காப்புரிமை பெற்றவர் ஃபயர்ஸ்டோன். 1895இல் ரோண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் அதன் முன்னரே உலோகத்தின் உள்ளே ஊடுருவியிருந்தது.

குணபேதத்துக்கு வேறொரு விடையும் எழுந்தது. அமெரிக்காவில் ஷூவர்ட் 1924இல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம், பேதம் முற்றும் ஒழியாதென ஒப்புக்கொண்டு, இயல்பான பேதத்தையும் காரணம் தேடவேண்டிய பேதத்தையும் பிரித்தறியக் கற்பித்தது. மகலனோபிஸ் வளர்த்த புள்ளியியல் நிறுவனத்தாரின் அழைப்பின்பேரில் ஷூவர்ட்டே 1947இல் இந்தியாவுக்கும் வந்தார். ஆயினும் திருவெறும்பூரின் கொதிகலன் தொழிற்சாலையிற்போல, குழாய் மூட்டுகளைப் பற்றவைக்கும் தொழிலில், ஒவ்வொரு பற்றவைப்பும் ஒரு கைவினைஞனின் ஒரு நேரத்துச் செய்கை. அறுத்துப் பார்த்த மூட்டு அழுத்தந் தாங்க உதவாது. கதிர்ப்படமும் மீயொலியும் அங்கு இன்றியமையாதன. பரீட்சையே தரத்தை உண்டாக்கும் என்று சிலர் மயங்குவதுண்டு. அது தரத்தைக் காட்டுமேயன்றி, ஆக்குவது பற்றவைப்பவனின் கையே.

பிற்காலத்தில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் பல்தேவ் ராஜ் முதலியோர் இக்கருவிகளைத் தென்னாட்டுப் பஞ்சலோகத் திருமேனிகளின்பால் திருப்பினர். மெழுகை உருக்கி வார்க்கும் முறையில் ஓர் அச்சு ஒரே திருமேனிக்கே பயன்படுமாதலின், உள்ளே காற்றுக் குமிழிகள் தங்கிய இடமும் வடிவும் சிலைக்குச் சிலை வேறாகும். தொழிற்சாலையில் குற்றமெனக் கழிக்கப்படும் அக்குமிழிகளைக் கதிர்ப்படத்திற் பதிவுசெய்துகொண்டால், களவுபோன சிலை மீளும்போது அதுதானா, போலியா என்று கைரேகைபோல் ஒப்பிட்டுக் கூறலாம் என அவர்கள் காட்டினர்.