மாம்பலத்து வீடுகளும் சிமெண்ட் மராமத்தும்

சென்னையின் மேற்கு மாம்பலத்திலும் தியாகராய நகரிலும் எஞ்சியிருக்கும் 1930, 40-களின் தனி வீடுகளை இடிக்கும்போது பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: கட்டடத்துக்கு வயதாகிவிட்டது, சுவரில் ஓதம் ஏறிவிட்டது, அஸ்திவாரம் இறங்கிவிட்டது, இனி எவ்வளவு செலவழித்தாலும் நிற்காது. இதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-இல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டது. கடற்காற்றை நேராக வாங்கிக்கொண்டு அது இன்றும் நிற்கிறது. அதன் சுவர் 4 அடி கனம், மாம்பலத்து வீட்டுச் சுவரோ ஒன்றரைக் கல் கனம்தான் என்று சொல்லலாம். சுமக்கும் பாரமும் அதற்கேற்பக் குறைவுதானே. செங்கல்லும் சுண்ணாம்பும் 80 ஆண்டில் உயிர் விடும் பொருள்கள் அல்ல. அந்த வீடுகளைத் தளர்த்தியதில் வயதைவிட, கடந்த 40 ஆண்டுகளாக அவற்றுக்குச் செய்யப்பட்ட மராமத்துக்கே பங்கு அதிகம் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். தியாகராய நகர் ஏரி மேல் எழுந்த ஊர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் நீரை 1920-களில் வடித்து, மனை பிரித்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்கள் போட்டார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அப்படித் தூர்ந்த ஏரித் தரையில்தான். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம், கோடம்பாக்கம் பக்கம் வீடு கட்டுவது சூடு பிடித்தது. இந்தப் பகுதிகளில் அடியில் இருப்பது பெரும்பாலும் களிமண். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது உப்பும். சித்திரை, வைகாசி வெயிலில் சுருங்கி வெடிக்கும். அன்றைய கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியது மூன்று நான்கு அடி ஆழம்தான். அடியில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி இடித்து இறுக்கி, அதன் மேல் படிப்படியாக அகலம் குறைத்துச் சுவரைக் கொண்டுவந்தார்கள். மண்ணின் அசைவை முழுவதும் தடுத்துவிடும் ஏற்பாடு அல்ல இது. மண் கொஞ்சம் அசையும், சுவரும் கூடவே கொஞ்சம் அசைந்துகொள்ளும் என்ற கணக்கில் கட்டப்பட்டது.

அந்த நெகிழ்வைக் கொடுத்தது சுண்ணாம்பு. கடலோரக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி, மணலோடு சேர்த்து, கட்டும் இடத்திலேயே வட்டமாகப் பள்ளம் வெட்டிக் கல் உருளையை மாடு பூட்டி இழுத்து அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்வதுண்டு. இப்படி அரைத்த காரை உடனே கல்லாக இறுகாது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி ஆண்டுக் கணக்கில் கெட்டிப்படும். உள்ளே இன்னும் இறுகாமல் இருக்கும் சுண்ணாம்பு, மயிர்க்கோடு போன்ற வெடிப்பில் மழைநீர் நுழையும்போது கரைந்து வந்து அந்த வெடிப்பிலேயே படிந்து அடைக்கும். சுவருக்குள் ஏறும் ஈரமும் இந்தப் பூச்சின் வழியாகவே வெளியேறிக் காயும். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதைப் பண்டிகைக் கால அலங்காரமாக மட்டும் பார்ப்பது சரியல்ல. மழைக்காலம் முடிந்து சுவர் உலரும் நேரத்தில், அந்த ஆண்டு விழுந்த மெல்லிய கீறல்களையெல்லாம் சுண்ணாம்புப் பாலால் நிரப்பும் வேலை அது. வீட்டார் தாங்களே தென்னை மட்டையைச் சிதைத்துத் தூரிகையாக்கிச் செய்துகொண்ட மராமத்து. ஆண்டுதோறும் கொஞ்சம் கவனித்தால் போதும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வீடுகள் கட்டப்பட்டன.

சிமெண்ட் இந்த ஊருக்குப் புதிதல்ல. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் சென்னையில்தான் நடந்தது; அது நிலைக்கவில்லை. பிறகு மதுக்கரை ஆலை 1934-இலும் டால்மியாபுரம் ஆலை 1939-இலும் வந்தன. ஆனாலும் நெடுங்காலம் சாதாரண வீட்டுக்காரருக்குச் சிமெண்ட் அரிய பொருள். விலையும் விநியோகமும் அரசின் கையில் இருந்தன. பத்து மூட்டை வேண்டுமென்றாலும் பெர்மிட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கிடைத்ததைக் கூரைத் தளத்துக்கும் தரைக்கும் வைத்துக்கொண்டார்கள். 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுவதும் நீங்கியது. அதற்குப் பிறகு தெருமுனைக் கடையிலேயே மூட்டை கிடைத்தது. இந்தக் காலக்கணக்கு முக்கியம். அந்தப் பத்தாண்டில் தொழிலுக்கு வந்த கொத்தனார் கற்றுக்கொண்டதெல்லாம் சிமெண்ட் வேலைதான். சுண்ணாம்பு அரைக்கும் உருளையை அவர் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. பழைய வீட்டில் காரை உதிர்ந்தால் அவர் கை தானாகச் சிமெண்ட் மூட்டைக்குப் போனது. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்த்து எடுத்த முடிவாக அது இருக்கவில்லை. கையில் கிடைத்த பொருள் மாறியது, அதோடு மராமத்தும் மாறிவிட்டது.

அதன் விளைவைச் சுவரிலேயே படிக்கலாம். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. தரையிலிருந்து ஏறிய ஓதம் முன்பு ஓரடி உயரத்திலேயே காய்ந்துபோயிருக்கும். இப்போது வழியில்லாமல் இடுப்பளவுக்கு ஏறி, பூச்சு முடியும் இடத்தில் உப்பாகப் பூக்கும். கரணைக் காம்பால் தட்டினால் பூச்சு உள்ளே காலியாக ஒலிக்கும். பெயர்த்து எடுத்தால் அதன் முதுகில் செங்கல்லின் முகமே ஒட்டிக்கொண்டு வரும். சுவரில் மிஞ்சுவது சிவந்த பொடி. இந்தியத் தர நிர்ணயப் பட்டியலில் செங்கல்லின் கீழ்மட்ட வகை தாங்கும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்ந்த கலவை தாங்குவதோ சுமார் 7.5. பழைய நாட்டுச் செங்கல்லுக்கு இடையில் அதைவிடக் கெட்டியான கலவையைத் திணித்தால், மண் அசையும்போது இணைப்பு விட்டுக்கொடுக்காது, செங்கல்தான் வெடிக்கும். இணைப்பு உதிர்ந்தால் மறுபடி நிரப்பலாம், செங்கல் பிளந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும்: பூச்சு எதுவானாலும் அஸ்திவாரம் இறங்குவது மண்ணால்தானே, அதற்குச் சிமெண்டைக் குறை சொல்வது எப்படி? மண்தான் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் களிமண் சும்மா இறங்குவதில்லை, ஈரம் மாறினால்தான் இறங்கும். அந்த ஈரத்தையும் நாம்தான் மாற்றினோம். கொல்லைக் கிணறு வற்றி ஆழ்துளைக் கிணறு வந்தது. மழைநீர் ஊறிய முற்றத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டோம். தெருவைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் வாசற்படி தெருவுக்குக் கீழே போனது, வடிய வேண்டிய நீர் உள்ளே திரும்பியது. வீட்டின் மூன்று மூலை காய்ந்து, கழிவுநீர்க் குழாய் கசியும் நான்காவது மூலை மட்டும் ஊறிக் கிடந்தால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். அது கோடையில் அகன்று மார்கழியில் குறுகினால் களிமண்ணின் பருவ அசைவு. எந்தப் பருவத்திலும் குறுகாமல் அகன்றுகொண்டே போனால்தான் உண்மையான இறக்கம். விரிசலின் குறுக்கே ஒரு பட்டை பூசித் தேதி எழுதி ஓராண்டு கவனித்தாலே இரண்டும் பிரிந்து தெரியும். அதற்குப் பொறுமையில்லாமல் கோடையில் அகன்ற விரிசலில் சிமெண்டை அடைத்துவிட்டால், மழையில் மண் உப்பும்போது சுவர் மூட இடமில்லாமல் பக்கத்தில் புதிதாக வெடிக்கிறது. உண்மையாகவே இறங்கிய மூலைக்கு வழி உண்டு: குழாய்க் கசிவை முதலில் நிறுத்தி, அஸ்திவாரத்தின் அடியில் சுமார் மூன்றடி நீளமாக ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, கெட்டியான மண் வரை கட்டிக் கொண்டுபோவது. சமீப ஆண்டுகளில் ஹரியானாவிலிருந்து வரும் குழுக்கள் வீட்டையே ஜாக்கியில் ஏற்றித் தெரு மட்டத்துக்கு மேல் தூக்கிவிடுகின்றன. வெள்ளத்துக்கு அது தீர்வாகலாம். ஆனால் ஈரம் மாறும் களிமண் அதே இடத்தில்தான் கிடக்கிறது.

சுண்ணாம்பு மெதுவானது, செலவு பிடிக்கும், ஆள் கிடைக்காது என்பது அடுத்த மறுப்பு. பழைய வீடுகளுக்குக் குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு இட்ட மெட்ராஸ் டெரஸ் தளங்கள் ஒழுகின, அந்த விட்டங்களின் நுனி சுவருக்குள் உளுத்தது, கரையான் அரித்தது. ஆனால் ஆள் இல்லை என்ற வாதம் முன்போல் வலுவாக இல்லை. 2012-இல் தீயில் சிக்கிய சேப்பாக்கம் கலச மகாலையும் அருகிலிருக்கும் ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டெடுத்தது. உருளை மறுபடி சுற்றியது, கடுக்காயும் வெல்லமும் வந்தன, கொத்தனார்கள் பழகிக்கொண்டார்கள். அரண்மனைக்குச் செலவழிப்பது போல வீட்டுக்காரர் செலவழிக்க வேண்டியதில்லை. ஓதம் ஏறும் கீழ்ச்சுவரில் மட்டும் சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசி, சுவரோரம் ஓரடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து மண்ணைத் திறந்துவிட்டாலே பாதி நோய் குறையும்.

தி.நகரில் ஒரு கிரவுண்ட் விற்கும் விலைக்கு முன்னால் இதெல்லாம் செல்லுமா என்ற கேள்விக்கு, அங்கே பெரும்பாலும் செல்லாது என்பதே பதில். அந்த வீடுகளை இடிப்பது நிலத்தின் விலை. ஆனால் குரோம்பேட்டையிலும் வில்லிவாக்கத்திலும் இடித்துக் கட்ட வசதியில்லாத குடும்பங்கள் மழைக்கு மழை அதே சுவரில் அதே சிமெண்டைப் பூசிக்கொண்டிருக்கின்றன. கட்டுப்பாடு நீங்கிய 1980-களில் சிமெண்டிலேயே கட்டிய வீடுகளுக்கும் இப்போது 40 வயது. அவற்றின் கான்கிரீட் தளத்துக்குள் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலிருக்கும் சிமெண்டைத் தள்ளி உதிர்க்கிறது. துருவைச் சுரண்டாமல், மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்காமல், அங்கேயும் உதிர்ந்த இடத்தில் பூச்சு போட்டு வெள்ளையடித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழைக்குள் கம்பி மறுபடி வெளியே தெரிகிறது.