பேய்க்கோட்டையும் பெயர் மறைந்த கலைஞனும்

பேய்ப்படம் எடுத்துப் பார்ப்போரை அச்சுறுத்துவதிலும் பார்க்க, அந்த அச்சத்தையே சிரிப்பாக மாற்றுவது கடினமானது. அதில் வெற்றி கண்ட படங்களுள் மெல் புரூக்ஸ் இயக்கி 1974 டிசெம்பரில் வெளியான 'யங் பிராங்கன்ஸ்டைன்' முதன்மையானது. ஆயினும் நான் அப்படத்தை மதிப்பதற்கு அதன் நகைச்சுவை மட்டும் காரணமல்ல.

கதையின் நாயகர் ஓர் அமெரிக்க மருத்துவப் பேராசிரியர். பிணத்துக்கு உயிரூட்டிய விக்டர் பிராங்கன்ஸ்டைனின் பேரன். பாட்டனாரின் அவப்பெயருக்கு அஞ்சி, தமது குடும்பப் பெயரையே மாற்றி உச்சரிப்பவர். திரான்சில்வேனியாவிலுள்ள பூர்வீகக் கோட்டை அவருக்கு உரிமையாகின்றது. அங்கே மறைந்திருந்த ஆய்வுகூடத்தைக் கண்டதும் பாட்டனாரின் வழியிலேயே அவரும் இறங்கிவிடுகின்றார். அந்நாயகராக நடித்த ஜீன் வைல்டர், புரூக்சுடன் இணைந்து திரைக்கதையையும் எழுதினார்.

இக்கதையின் வரலாறு முழுவதும் பெயர்ச் சிக்கல்தான். மேரி ஷெல்லியின் மூலநாவல் 1818 இல் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. 1823 இல் வந்த இரண்டாவது ஆங்கிலப் பதிப்பிலேயே அவரது பெயர் இடம்பெற்றது. நாவலில் வரும் பூதத்துக்கோ பெயரே கிடையாது. ஜேம்ஸ் வேல் 1931 இல் அதனைப் படமாக்கியபோது, தொடக்க எழுத்துகளில் பூதமாக நடித்தவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டுமே காணப்பட்டது. அவர் போரிஸ் கார்லொவ் என்பதைப் படத்தின் இறுதியிலேயே தெரிவித்தனர்.

அப்படத்தில் மின்னல் தெறிக்கும் ஆய்வுகூடக் கருவிகளை உருவாக்கியவர் கென்னத் ஸ்ட்ரிக்பாடன். உலகெங்கும் பைத்தியக்கார விஞ்ஞானியின் ஆய்வுகூடம் என்றதும் மனக்கண்ணில் தோன்றும் காட்சி பெரிதும் அவரது கைவண்ணமே. ஆனால் 1931 ஆம் ஆண்டுப் படத்தில் அவரது பெயர் எங்கும் இல்லை.

பழைய படங்களின் தோற்றம் அப்படியே வேண்டும் என்பதில் புரூக்ஸ் உறுதியாக நின்றார். கறுப்பு வெள்ளையில் எடுப்பதற்குக் கொலம்பியா நிறுவனம் இணங்காததால், படத்தை டுவென்டியத் சென்சுரி பொக்ஸ் நிறுவனத்திடம் கொண்டு சென்றார். ஸ்ட்ரிக்பாடன் தமது பழைய கருவிகளை அதுவரை பாதுகாத்து வைத்திருந்தார். புரூக்ஸ் அவற்றை வாடகைக்குப் பெற்று மீண்டும் இயக்கினார். அத்துடன் நின்றுவிடாமல் அம்முதியவரின் பெயரையும் திரையில் பொறித்தார். பிந்தியேனும், 43 ஆண்டுகளின் பின்னர், அக்கருவிகளுக்கு உரியவர் யார் என்பதைப் பார்வையாளர் அறிந்தனர். ஸ்ட்ரிக்பாடன் 1984 இல் காலமானார்.

பழைய படங்களைப் பகிடி செய்யும் ஒரு படம், அவற்றை உருவாக்கியோர் செய்யத் தவறிய கடமையை நிறைவேற்றியது. முன்னோடிகளைக் கேலி செய்வோர் பலர். அவர்களுக்குரிய கடனை அடைத்துவிட்டுக் கேலி செய்வோர் அரிது. 2003 இல் அமெரிக்காவின் தேசிய திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது.

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் இச்செய்தி என்னைப் பெரிதும் ஈர்த்தது. எமது பத்திரிகைக் காரியாலயங்களில் ஈய எழுத்துகளைக் கோத்தவர்கள், நள்ளிரவுவரை ஒப்புநோக்கியவர்கள் எத்தனையோ பேர். எழுதிய எங்களின் பெயர்கள் அச்சாகின. அவற்றை அச்சுக் கோத்தவர்களின் பெயர்கள் எந்தப் பக்கத்திலும் இடம்பெறவில்லை. அவர்களுள் இன்றும் எம்முடன் வாழ்வோரின் பெயர்களையாவது நாம் எழுதி வைக்கவேண்டும்.